ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கும்

ஆனிக் காற்று பாளையங்கோட்டை மண்ணை வாரி
ஆஸ்பத்திரிப் பின்கட்டு ஜன்னலில் எறிகிறது.
பழைய எக்ஸ்ரே அறை. இப்போது ஆராய்ச்சிப் பிரிவு என்று
ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம்.
அதையும் காற்று பாதி தின்றுவிட்டது.

தாங்கியில் பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள்.
ரத்தத்தை நிமிர்த்தி நிறுத்திவிட்டு
ஒரு மணி நேரம் சும்மா இருக்கவேண்டும்.
சிவப்பு இறங்கும், மேலே வெளிறிய மஞ்சள் தெளியும்,
எத்தனை மில்லிமீட்டர் என்று படிக்கவேண்டும்.
உள்ளே எரிச்சல் கூடியிருந்தால்
அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு
சீக்கிரம் விழும்.
தனித்து நிற்பவை மெல்லத்தான் இறங்கும்.

பேட்டையிலிருந்து முப்பிடாதி வந்தது தை மாதம்.
முப்பத்தெட்டு வயது, பீடி சுற்றுகிறவள்,
காலையில் விரல் மடங்க எட்டரை மணி ஆகிவிடும்.
ஒப்புதல் படிவத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
"அழற்சின்னா என்னக்கா?"
ஒப்பித்தேன்: சிவப்பு, சூடு, வீக்கம், வலி.
நாலும் சேர்ந்தால் அது.
"அஞ்சாவதை விட்டுட்டியளே," என்றாள்,
"வேல ஓடாது."

பழைய வைத்திய நூலில் அந்த ஐந்தாவதும் உண்டு.
பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

இதே தீயை
மாடியில் இருதய டாக்டர் ரத்தக் குழாயின் உட்சுவரில் தேடுகிறார்,
பல் டாக்டர் ஈறில் தேடுகிறார்,
சர்க்கரைப் பிரிவில் கால்புண்ணைத் திறந்து பார்க்கிறார்கள்.
ஒரே புகையை வேறுவேறு ஊரிலிருந்து கண்டவர்கள்.
மத்தியானம் கேன்டீனில் சந்தித்தால்
சாம்பாரைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

முப்பிடாதியோடு செய்யதலி பாத்திமாவும் வந்தாள்.
அதே தொழில், அதே விரல்கள்.
இறக்கம் இருபத்தெட்டு இருந்தால் சேர்க்கலாம்.
அவளுக்கு இருபத்தாறு.
"கழிச்சுப் போட்டுட்டியளா," என்றாள்,
"பீடிக்கடை செக்கர் மாதிரி."
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
பர்தாவைச் சரிசெய்துகொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்,
தோழி வரும்வரை.

மாதம் ஒரு குப்பி. முப்பத்திரண்டு மாத்திரை.
மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், நான் எண்ணுவேன்.
முப்பிடாதியின் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.
இருபத்தைந்து பீடியைக் கட்டாகக் கட்டி
ஆயிரம் காட்டுகிறவளுக்கு
இது ஒரு கணக்கா?

இன்று நாலாவது மாதம்.
வழக்கமான கேள்விகள். வாந்தி? இல்லை. தடிப்பு? இல்லை.
தலைசுற்றல்?
"எனக்கு இல்லக்கா. அவளுக்குத்தான்
மொதல் வாரம் லேசா கிறுகிறுன்னு வந்துது."

பேனா நின்றது.
காற்று மட்டும் தாளைப் புரட்டப் பார்த்தது.

"இலை வெட்டுத கத்தரிதான். நல்லா கழுவிட்டுத்தான் வெட்டினேன்.
ஆளுக்குப் பாதி.
ஒரு துணுக்கு சிந்தல."

திட்டினேன். திட்டத்தான் வேண்டும்.
ஈரல் என்றேன், சிறுநீரகம் என்றேன், அவளை நாளைக்கே கூட்டிவா என்றேன்.
அவள் வீங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு
கேட்டுக்கொண்டே இருந்தாள்.
"சரிக்கா. ஆனா அவ கை இப்ப காலையில ஆறரைக்கே மடங்குது."

எது மருந்து, எது வெறும் மாவு,
எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
சென்னையில் ஒரு உறைக்குள் ஒட்டிக் கிடக்கிறது அது.
பங்குனியில்தான் பிரிப்பார்கள்.
ஒருவேளை நாலு மாதமாக
இரண்டு பெண்கள்
ஒன்றுமில்லாததைச் சரிபாதியாய் வெட்டித் தின்றிருக்கிறார்கள்.

விலகல் படிவம், எட்டாவது கட்டம்: காரணம்.
இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.
'புரிதல் குறைவு' என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள்.
எழுதி, அடித்தேன்.
'இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்' என்று எழுதினேன்.

மணி அடித்தது.
எழுந்துபோய் குழாயைக் கண்மட்டத்தில் வைத்துப் படித்தேன்.
வள்ளியூர் கண்டக்டர். நாற்பத்தொன்று.